ஆழிப்பேரலைக்கு எந்த நினைவுச்சின்னம்: பெயர்த்தூணா, எல்லைக்கல்லா, இடிபாடா, மரவரிசையா?

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது ஓட்டுப் போடுகிறார்கள், படகில் தொழிலுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டுக் கரையில் ஏறக்குறைய எட்டாயிரம் பேரை, அதிலும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட சங்கதி. அன்று எழுப்பிய நினைவுத்தூண்கள் அலையைப் பார்த்தவர்களுக்காக எழுப்பியவை. இனிமேல் கட்டுவதோ, பழையதை இடித்துப் புதுப்பிப்பதோ, பார்க்காதவர்களுக்காக.

ஓர் ஊரில் இந்தப் பேச்சு வந்தால், பெரும்பாலும் கொத்தனாரில் தொடங்கித் திறப்பு விழாத் தேதியில் முடியும். நடுவில் கேட்கவேண்டிய கேள்வி விட்டுப்போகிறது: இது எதற்கு? கடலால் இறந்தவர்களுக்கு எழுப்பும் சின்னத்துக்கு இரண்டு வேலைகள். ஒன்று, அழுவதற்கு ஓர் இடம் தருவது. மற்றொன்று, அடுத்த முறை ஓடச் சொல்வது. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே கல்லால் நடக்கும் என்று நினைப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. அழ வருபவர் உடலைப் புதைத்த இடத்தை, கடல் தெரியும் இடத்தைத் தேடுவார். எச்சரிக்கைக் கல்லோ, தண்ணீர் எதுவரை வந்து நின்றதோ அங்கே, ஊருக்குள் இருக்கவேண்டும். அழ வருபவர் ஆண்டுக்கு ஆண்டு குறைவார். எச்சரிக்கையைப் படிக்கவேண்டியவர் இன்னும் பிறக்கவே இல்லை.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் பாதிக்கு மேல் எச்சரிக்கைக்குப் போகவேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

பெயர்த்தூண்

நம் கரையில் பெரும்பாலும் இருப்பது இதுதான். கன்னியாகுமரி, குளச்சல், வேளாங்கண்ணி என்று பல இடங்களில் நினைவுத்தூண்களோ நினைவிடங்களோ இருக்கின்றன. டிசம்பர் 26 அன்று பல மீனவ ஊர்களில் யாரும் கடலுக்குப் போவதில்லை. காலையில் கரைக்கு வந்து பால் ஊற்றுகிறார்கள், பூத் தூவுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இலங்கையின் வடமராட்சி கிழக்கில் உடுத்துறையிலும் இதே நாளில் புதைத்த இடத்தில் கூடுகிறார்கள். ஒரே குழியில் பலரைப் புதைக்க நேர்ந்த ஊருக்கு இப்படி ஓர் இடம் இல்லாமல் முடியாது. அங்கே மற்ற வாதங்கள் எதுவும் எடுபடாது, எடுபடவும் கூடாது.

சுமத்ராவின் பண்டா ஆச்சேயில் சிரோன் என்ற இடத்தில் 46,000-க்கும் மேற்பட்ட உடல்கள் ஒரே புதைகாட்டில் கிடக்கின்றன. யாருடைய உடல் எங்கே என்று தெரியாது. பெயர் பொறிக்க வழியே இல்லை. புல்வெளி, மதில், சில கற்கள், அவ்வளவுதான். குடும்பங்கள் வந்து புல்லில் ஏதோ ஓரிடத்தைப் பார்த்து உட்கார்ந்து ஓதிவிட்டுப் போகின்றன. அந்த வெறுமைதான் அங்கே சரியான வடிவமைப்பு. பெரிய சிலை ஒன்றை நடுவில் வைத்திருந்தால் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெயர் பொறிக்கும் ஊருக்கு வரும் முதல் தகராறு வரிசை. அகர வரிசையில் போட்டால் தேட எளிது. ஆனால் தாய் ஒரு மூலையிலும் பிள்ளைகள் மூன்று பேரும் வேறு வேறு மூலையிலும் போய்விடுவார்கள். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சுவரை வடிவமைத்த மாயா லின், 58,000-க்கும் மேற்பட்ட பெயர்களை இறந்த தேதி வரிசையில் போட்டார். ஒரே சண்டையில் செத்தவர்கள் கல்லிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். நியூயார்க்கின் இரட்டைக் கோபுர நினைவிடத்தில், யார் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயர் வேண்டும் என்று குடும்பங்களையே கேட்டு அடுக்கினார்கள். எல்லோரும் ஒரே காலையில் இறந்த மீனவ ஊருக்குத் தேதி உதவாது. தெரு வாரியாக, தெருவுக்குள் குடும்பம் வாரியாகப் போடுவதே நல்லது. பெயர்களோடு வயதையும் சேர்த்தால், குழந்தைகள் எத்தனை பேர் என்பது தானே தெரியும். கடைசியில் கொஞ்சம் வெற்றுக் கல் விடவேண்டும், விட்டுப்போன பெயர் வந்தால் சேர்க்க. இன்னொன்று: வேளாங்கண்ணியில் இறந்தவர்களில் வெளியூர் யாத்திரிகர்கள் பலர். ஊர்ப் பட்டியல் என்று எழுதும்போது அப்படிப்பட்டவர்கள் நழுவிவிடுகிறார்கள்.

பொருள் பற்றிச் சுருக்கமாக. உப்புக் காற்றுக்கு இரும்புச் சங்கிலி, இரும்பு வேலி, மேலே ஒட்டிய ஓடு எதுவும் தாங்காது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் தூண் வெடித்துவிடும். கருங்கல்லில் ஆழமாக வெட்டிய எழுத்து நிற்கும். மேலே பூசிய தங்க வண்ணம் சில மழைக்காலத்தில் போய்விடும். எழுத்து ஆழமாக இருந்தால் வண்ணம் போனாலும் விரலால் தடவியே படிக்கலாம். அப்புறம், திறந்து வைத்தவர்கள் பெயர் தாங்கிய கல்வெட்டு. இறந்தவர்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அது இருப்பதை நாம் எல்லோரும் எங்கேயாவது பார்த்திருக்கிறோம். கட்டும் முன்பே ஊர்க் கூட்டத்தில் அதன் அளவைத் தீர்மானித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு சொல்ல யாருக்கும் துணிவு வராது.

இத்தனை நன்றாகச் செய்தாலும், வெளியூரிலிருந்து வந்து கரையில் நிற்கும் ஒரு கல்லூரிப் பையனுக்கு இந்தத் தூண் ஒன்றும் சொல்லாது. எங்கே ஓடவேண்டும், எவ்வளவு தூரம் ஓடவேண்டும் என்பது அதில் இல்லை.

எல்லைக்கல்

ஜப்பானின் வடகிழக்குக் கரையில், இவாத்தே மாகாணத்து மியாக்கோ நகரைச் சேர்ந்த அனேயோஷி என்ற சிற்றூர். மலையிடுக்கில் கடலை நோக்கி இறங்கும் ஒரு பாதை, பத்துப் பன்னிரண்டு வீடுகள். 1896-இல் வந்த ஆழிப்பேரலையில் அந்த ஊரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். மறுபடியும் கீழேயே வீடு கட்டினார்கள். 1933-இல் மீண்டும் வந்தது. அந்த முறை பிழைத்தவர்கள் நான்கு பேர். அதற்குப் பிறகுதான் பாதையோரம் ஒரு கல் நட்டார்கள். உயரத்தில் குடியிருந்தால் பேரன் பேத்திகள் நிம்மதியாக இருப்பார்கள், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதே, எத்தனை காலம் ஆனாலும் கவனமாக இரு என்பது அதன் சாரம். முன்பு இரண்டு பேர், பின்பு நான்கு பேர் என்ற கணக்கையும் அதிலேயே வெட்டி வைத்தார்கள்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையை மறுபடியும் ஆழிப்பேரலை தாக்கியபோது அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் 40 மீட்டருக்கு மேல் ஏறியது. அந்தப் பேரழிவில் பதிவான மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. கல்லுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. ஒரு வீட்டுக்கும் சேதமில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அன்று அந்த ஊர்க்காரர்களில் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் இறந்தார்கள். ஊருக்கு வெளியே காரில் போகும்போது அலையில் சிக்கினார்கள். கல் வீடுகளைக் காப்பாற்றியது. வீட்டைவிட்டு வெளியே இருப்பவரை அதனால் காப்பாற்ற முடியாது. எல்லைக்கல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

1933-க்குப் பிறகு அதே கரையில் நூற்றுக்கணக்கான கற்கள் நட்டார்கள். ஒரு நாளிதழ் திரட்டிய நிவாரண நிதியின் மீதியில் நட்டவை பல. அவற்றில் பெரும்பாலானவற்றை ஊர் மறந்துவிட்டது. கல்லுக்குக் கீழே வீடுகள் வந்தன, கடைகள் வந்தன. அனேயோஷிக் கல் வேலை செய்ததற்கு வாசகத்தின் அழகு காரணம் இல்லை. ஊருக்குப் போகும் ஒரே பாதையில், தினமும் கடலுக்கு இறங்குபவர் கண்ணில் படும்படி அது நிற்கிறது. கட்டளை ஒரே வரியில் இருக்கிறது. ஊர் சிறியது, எல்லோருக்கும் கல்லைத் தெரியும்.

மறதிக்கு மருந்து கண்டுபிடித்த கல் ஒன்று ஒசாக்காவில் இருக்கிறது. 1854-இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பயந்து மக்கள் ஆற்றில் நின்ற படகுகளில் ஏறிக்கொண்டார்கள். ஆற்றின் வழியே ஏறிவந்த அலை படகுகளைப் புரட்டிப் போட்டது. 1707-இலும் இதேபோலத்தான் படகில் ஏறிச் செத்திருக்கிறார்கள். ஆனால் அதை அறிந்தவர் குறைவு. அடுத்த ஆண்டு நட்ட கல்லில் இந்த முழுக் கதையையும் எழுதி, கடைசியில் ஒரு வேண்டுகோளையும் வைத்தார்கள்: மனமுள்ளவர்கள் ஆண்டுதோறும் இந்த எழுத்துகளில் மை தீட்டிப் படிக்கும்படி வைத்திருங்கள். அந்தப் பகுதி மக்கள் இன்றும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் கல்லைக் கழுவி மை தீட்டுகிறார்கள். பராமரிப்பையே சடங்காக மாற்றிவிட்டார்கள். மை தீட்டும் சிறுவன் ஒவ்வோர் எழுத்தையும் படித்தாகவேண்டும். இவ்வளவு மலிவான, இவ்வளவு புத்திசாலித்தனமான வடிவமைப்பை வேறெங்கும் நான் அறியேன்.

கல் நடுவது நமக்கும் புதிதல்ல. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் ஆறு நிலைகளில் கல்லைத் தேடிக் காண்பது ஒன்று, நீரில் இட்டுத் தூய்மை செய்வது ஒன்று, நடுவது ஒன்று, படையலும் வாழ்த்தும் அதன் பின்னால். நடுவதோடு வேலை முடிவதில்லை. செங்கம் பக்கத்து நடுகற்களில் யார் இறந்தார், எந்த அரசன் ஆண்ட எத்தனையாவது ஆண்டில், எதற்காக இறந்தார் என்பது சில வரிகளில் இருக்கிறது. அந்தச் சுருக்கமும், ஆண்டுக்கொரு முறை அதற்குச் செய்யும் மரியாதையும் சேர்ந்தால் நமக்கு ஒசாக்காக் கல் கிடைத்துவிடும்.

சரி, அனேயோஷியை அப்படியே நம் கரைக்குக் கொண்டுவரலாமா? முடியாது. அங்கே கடலிலிருந்து நேராக மலை. நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் நிலம் தட்டை. தண்ணீர் உயரே ஏறுவதற்குப் பதிலாக உள்ளே பாய்ந்தது, சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு. அதனால் இங்கே ஒரே கல் போதாது. தண்ணீர் நின்ற எல்லையில் ஊருக்குள் வரும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு சிறிய கல் வேண்டும். கரைக்கும் எல்லைக்கும் நடுவில் பள்ளிச் சுவர், கோயில் மதில், மாதா கோயில் தூண், மின்கம்பம் இவற்றில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு வேண்டும். கோட்டுக்கும் கல்லுக்கும் ஆகும் செலவு, ஒரு நடுத்தரமான நினைவுத்தூணின் அலங்கார வளைவுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

இடிபாட்டை அப்படியே வைப்பது

எல்லாவற்றிலும் கடினமான தெரிவு இது. இதில்தான் ஊர் இரண்டாகப் பிளக்கும்.

ஜப்பானின் அதே வடகிழக்குக் கரையில் மினாமிசன்ரிக்கு ஊரில் பேரிடர்த் தடுப்பு அலுவலகம் மூன்று மாடிக் கட்டடம். 2011-இல் அலை கூரைக்கு மேலே போனது. கடைசிவரை ஒலிபெருக்கியில் ஓடச் சொன்ன ஊழியர் உட்பட 43 பேர் அங்கே இறந்தார்கள். மிஞ்சியது சிவப்பு இரும்புச் சட்டகம் மட்டும். அதை இடிக்கச் சொன்னவர்களும் இறந்தவர்களின் உறவினர், வைக்கச் சொன்னவர்களும் உறவினர். தினமும் அதைக் கடந்து போகமுடியவில்லை என்றது ஒரு பக்கம். இதுவும் போனால் என் பிள்ளை நின்ற இடமே இல்லாமல் போய்விடும் என்றது மறுபக்கம். மியாகி மாகாணம் ஒரு வழி சொன்னது: 2031 வரை, அதாவது இருபது ஆண்டுக்கு, நாங்கள் பொறுப்பெடுத்துக்கொள்கிறோம், அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். அந்த அவகாசம் முடியும் முன்பே, 2024-இல், நிரந்தரமாக வைத்திருப்பது என்று ஊரே முடிவெடுத்தது. 2011-இல் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஓரளவு ஊகிக்கலாம். கெசென்னுமா நகரில் 330 டன் மீன்பிடிக் கப்பல் ஒன்று கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே வந்து தெருவில் உட்கார்ந்துவிட்டது. மேயர் வைத்திருக்க விரும்பினார். ஊராரைக் கேட்டபோது ஏறக்குறைய 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், 2013-இலேயே உடைத்துவிட்டார்கள். ஓட்சுச்சி ஊரில் மேயரும் ஊழியர்களும் இறந்த பழைய ஊராட்சிக் கட்டடம் நீதிமன்ற வழக்கைத் தாண்டி 2019-இல் இடிபட்டது. இவை தவறான முடிவுகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டும் திரும்பப்பெற முடியாதவை. மினாமிசன்ரிக்குவில் செய்தது போலக் காலத்தை விலைக்கு வாங்கியிருக்கலாம்.

இடிபாடு எப்போது வேறெதற்கும் ஈடில்லாதது என்பதற்கு இஷினோமாக்கியின் ஒக்காவா தொடக்கப்பள்ளியைப் பார்க்கவேண்டும். அங்கே 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் இருந்தது. அதில் பெரும்பகுதி பிள்ளைகளை மைதானத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். பெற்றோர் தொடுத்த வழக்கில் நகராட்சியும் மாகாணமும் இழப்பீடு தரவேண்டும் என்ற தீர்ப்பு 2019-இல் உறுதியானது. இதையெல்லாம் படித்தால் புரியும். ஆனால் அந்தப் பள்ளி வளாகத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே மலை நிற்கிறது, சில நிமிட நடைதூரத்தில். எந்தக் கல்வெட்டாலும் அந்தத் தூரத்தைச் சொல்லமுடியாது. பள்ளியை வைத்திருக்கவேண்டும் என்று பேசியவர்களில் அங்கே படித்துத் தப்பிய பிள்ளைகளும் இருந்தார்கள். 2016-இல் வைத்திருப்பதென்று முடிவாகி, 2021-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

நம்மிடம் இருக்கும் பெரிய இடிபாடு 2004-ஐச் சேர்ந்தது அல்ல, 1964-ஐச் சேர்ந்தது. டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் போனது. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு கூட்டத்துக்குக் குறைவில்லை. சங்கு மாலை, வறுத்த மீன், செல்பி எல்லாம் உண்டு. புயலில் இங்கே என்ன ஆனது, தண்ணீர் எப்படி வந்தது, ரயில் எங்கே நின்றது என்று வருபவருக்குச் சொல்ல அந்தச் சுவர்களால் மட்டும் முடிவதில்லை. இடிபாடு தானாகப் பேசாது. பக்கத்தில் ஒரு படம், ஒரு வரைபடம், கதை சொல்ல ஒரு மனிதர் இல்லாவிட்டால் அது சுற்றுலாப் பின்னணியாக மாறிவிடும். ஒக்காவாவில் பிள்ளையை இழந்த பெற்றோர் சிலரே வருபவர்களுக்கு நடந்து காட்டிச் சொல்கிறார்கள். அந்த மாதிரி ஒருவர் கிடைக்கும் ஊர்தான் இடிபாட்டைப் பற்றி யோசிக்கலாம்.

பணக் கேள்வியும் இருக்கிறது. 2013-இல் ஜப்பான் அரசு, ஒவ்வோர் ஊராட்சியிலும் ஓர் இடிபாட்டைப் பாதுகாக்கும் ஆரம்பச் செலவைத் தருவதாக அறிவித்தது. பராமரிப்புச் செலவைத் தரமாட்டோம் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் சட்டகத்துக்கு வண்ணம் அடிப்பது முடிவில்லாத வேலை.

அருங்காட்சியகம்

இதைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஒரு மீனவ ஊருக்கு இது பெரும்பாலும் எட்டாது, எட்டினாலும் வேண்டாம் என்பேன். பண்டா ஆச்சேயில் 2009-இல் கட்டிமுடித்த அருங்காட்சியகம் சிறப்பானது, மறுக்கவில்லை. ரித்வான் காமில் வடிவமைத்தது. நுழைந்ததும் இருபுறமும் உயர்ந்த சுவர்களில் தண்ணீர் வழியும் இருட்டான குறுகிய பாதை. அப்புறம் இறந்தவர்கள் பெயர்கள் உள்சுவரில் ஏறிப்போகும் வட்டக் கோபுரம். கூரை சாய்வாக ஏறிச்செல்லும் புல்மேடு; மறுபடி அலை வந்தால் ஊரார் ஏறி நிற்க. நினைவுச்சின்னமே புகலிடமாகவும் இருக்கலாம் என்ற அந்த எண்ணத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். தட்டையான கரையில் ஓடி ஏற உயரமான இடம் இல்லாத ஊரில், வெளிப்பக்கப் படிக்கட்டோடு மொட்டைமாடி உள்ள ஒரு பள்ளியோ புயல் பாதுகாப்பு மையமோ, சுவரில் பெயர்களோடு எழுந்தால் அதைவிட நல்ல நினைவு மண்டபம் இல்லை. வெறும் படங்களைத் தொங்கவிடும் கூடமாக இருந்தால், சில ஆண்டுகளில் பூட்டுத் தொங்கும்.

பணத்தை எங்கே கொட்டக்கூடாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ரிக்குசென்தக்காத்தா கடற்கரையில் எழுபதாயிரம் பைன் மரங்களில் ஒன்று மட்டும் 2011 அலைக்குத் தப்பி நின்றது. உப்பு நீரில் வேர் அழுகி அடுத்த ஆண்டு அதுவும் பட்டுப்போனது. 15 கோடி யென் நன்கொடை திரட்டி, அடிமரத்தைக் குடைந்து உள்ளே தூண் செருகி, செயற்கை இலை மாட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஊருக்கு அது அப்போது தெம்பு தந்தது என்கிறார்கள், நம்புகிறேன். எனக்கு என்னவோ செத்த மரத்துக்குச் செயற்கை இலை மாட்டுவது ஒட்டவில்லை.

மரமும் திருவிழாவும் பாட்டும்

அதே ரிக்குசென்தக்காத்தாவில் இளைஞர்கள் தொடங்கிய வேறொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அலை எதுவரை வந்ததோ அந்த எல்லைக்கோடு நெடுக, பத்து மீட்டருக்கு ஒன்றாக செர்ரி மரம் நடுகிறார்கள். மொத்தக் கோடு ஏறக்குறைய 170 கிலோமீட்டர், 17,000 மரம். அலை வந்தால் மரவரிசைக்கு மேலே ஓடு; அவ்வளவுதான் பாடம். நிலம் பலருக்குச் சொந்தமானது என்பதால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நிலக்காரரிடம் பேசிச் சம்மதம் வாங்கவேண்டும். மெதுவாகத்தான் நடக்கிறது. அந்தப் பேச்சுகளே நினைவூட்டல் ஆகின்றன.

நமக்குச் செர்ரி எதற்கு, பனை இருக்கும்போது? கடற்கரை மணலில் வரும், நூறாண்டு நிற்கும், கஜா புயலில் தென்னைகள் சாய்ந்த இடங்களில் பனைகள் பெரும்பாலும் நின்றன. எல்லைக்கோட்டில் பனை வரிசை இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதி ஊரில் 2002-இல் கின்னஸ் சாதனைக்காக ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தச் சவுக்குத் தோப்பு அலையின் வேகத்தைத் தணித்தது என்று ஊரார் சொல்கிறார்கள். சாதனைக்காக நட்டதே இவ்வளவு செய்தால், நினைவோடு நடுவது என்னென்ன செய்யாது. ஆனால் எல்லைப் பனையும் கரைச் சவுக்கும் வேறு வேறு வேலைக்கானவை. ஒன்று குறி, மற்றொன்று தடுப்பு. குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஜப்பானின் ஹிரோகாவாவில் குறி, தடுப்பு, சடங்கு மூன்றும் ஒன்றாகவே சேர்ந்திருக்கின்றன. 1854 அலைக்குப் பிறகு ஹமாகுச்சி கோர்யோ என்ற வணிகர் தன் பணத்தில், பிழைப்பு இழந்த ஊராருக்கே கூலி கொடுத்து, ஏறக்குறைய 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண்கரை எழுப்பினார். நான்கு ஆண்டு வேலை. 1946-இல் மறுபடி அலை வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. 1903 முதல் நவம்பரில் அங்கே ஒரு விழா நடக்கிறது. பிள்ளைகள் மண் அள்ளிக் கொண்டுபோய்க் கரையில் கொட்டுகிறார்கள். கைப்பிடி மண்ணால் கரை உயராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கரை எதற்கு என்பது தெரியாமல் அந்த ஊரில் ஒரு பிள்ளை வளராது. உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக ஐ.நா. நவம்பர் 5-ஐத் தேர்ந்தது இந்தக் கதையை வைத்துத்தான்.

கல்லும் மரமும் இல்லாமலே காரியம் நடந்த இடமும் உண்டு. சுமத்ராவை ஒட்டிய சிமுலுவே தீவு, 2004 நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவில் அலையில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907-இல் வந்த அலையைப் பற்றிப் பாட்டிகள் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. பணச்செலவு என்று ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டை ஒரு குழு உட்கார்ந்து தீர்மானம் போட்டு உண்டாக்கிவிட முடியாது. ஊரே வெளியூருக்குக் குடிபெயர்ந்தால் பாட்டும் போய்விடும். அதனால் இதைத் தனித் தெரிவாக நம்பமாட்டேன், கல்லோடு சேர்த்துத்தான்.

எந்த ஊருக்கு எது

ஒரே குழியில் புதைத்த இடம் உள்ள ஊர் முதலில் அதைச் சுற்றி மதில், நிழல், உட்காரத் திண்ணை, பெயர்ப்பலகை என்று செய்யட்டும். அது கடன். அதை எளிமையாக முடித்துக்கொண்டு மீதிப் பணத்தை எல்லைக்கற்களுக்கும் தண்ணீர்மட்டக் கோடுகளுக்கும் கொடுக்கலாம். ஏற்கெனவே தூண் இருக்கும் ஊர் இன்னொரு தூண் கட்டவேண்டாம். நேராக எல்லைக்குப் போகலாம். கரையிலேயே ஏதாவது கட்டுவதாக இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும், அனுமதி வாங்கவேண்டும். தெருவோரக் கல்லுக்கு அந்தத் தலைவலி குறைவு.

முழு ஊரும் இடம்பெயர்ந்து சுனாமிக் குடியிருப்பில் இருப்பவர்கள் நிலை வேறு. பேருந்து நிறுத்தத்தின் பெயரிலேயே அலை இருக்கிறது. பிள்ளைகள் தினமும் அதைச் சொல்லித்தான் இறங்குகிறார்கள். அங்கே தேவைப்படுவது பழைய ஊர் எங்கே இருந்தது என்று காட்டும் ஒரு வரைபடம், தெருக்களோடும் வீட்டுக்காரர் பெயர்களோடும். வரைய உதவக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்யவேண்டும். எல்லாத் தெரிவுகளிலும் காலக்கெடு உள்ளது இது ஒன்றுதான்.

உடைந்த படகோ, பாதிச் சுவரோ எங்காவது மிஞ்சியிருந்தால், வைப்பதா எடுப்பதா என்று இப்போது வாக்கெடுக்கவேண்டாம். கூரை போட்டு, பத்தாண்டு கழித்துப் பேசலாம் என்று எழுதி வைக்கலாம்.

கல்லில் என்ன எழுதுவது என்பதில் கடைசியாக ஓர் எச்சரிக்கை. சிமுலுவேயின் பாடத்தையோ ஜப்பானின் பாடத்தையோ அப்படியே வெட்டிவிடக் கூடாது. அங்கே நிலநடுக்கம் காலடியில் நடக்கிறது. நமக்கு ஆபத்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, இரண்டு மணி நேரம் கழித்து வரும். பூமி ஆடியது பலருக்குத் தெரியாமலே போகலாம். 2004-இல் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே, நம் பக்கம், முதலில் வந்தது ஏறிவந்த தண்ணீர். உள்வாங்கியது அலைகளுக்கு நடுவில். "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் எழுதினால், உள்வாங்கவில்லையே என்று ஒருவர் நின்றுவிடுவார். 2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது. அந்தத் தகவல் ஊருக்கு எந்த வழியாக வரும் என்பதும் கல்லில் இருக்கவேண்டும். முதல் அலை போனதும் வீட்டுக்குத் திரும்பாதே என்பது இருக்கவேண்டும். இந்தக் கல்லிலிருந்து எந்தத் திசையில், எத்தனை அடி தூரத்தில் ஏறி நிற்க மாடி இருக்கிறது என்பது இருக்கவேண்டும். அந்த மாடியின் சாவி யாரிடம் இருக்கும் என்பதைக் கல்லில் எழுதமுடியாது. அதை டிசம்பர் 26 அன்று, எழுத்துகளுக்கு மை தீட்ட ஊர் கூடும்போது, ஆண்டுதோறும் சத்தமாகச் சொல்லிவிடலாம்.